நரம்பு டாக்டரும் நாலு வார்த்தையும்

வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் வைத்தியம் தேடி ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் புறப்பட்டுப் போனவர்களின் கதையை, வசதிகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்த கதையாக எழுதிவிடலாம். ரயில் வந்தது, மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்தது, மாத்திரை இலவசமாயிற்று, ஸ்கேன் எட்டும் தூரத்துக்கு வந்தது. அத்தனையும் நடந்ததுதான், அத்தனையும் நன்மைதான். ஆனால் இந்த வரிசையில் ஒன்று மட்டும் பின்தங்கியே நிற்கிறது: டாக்டர் நோயாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதும், சொல்ல வேண்டியதைச் சொல்வதும். இதை மரியாதைக் குறைவு பற்றிய புகாராக மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயத்தின் கனம் தெரியாது. கை முறிந்தவருக்கு டாக்டர் வாய் திறக்காமல் கட்டுப் போட்டாலும் எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். வலிப்பு நோயாளிக்கு வாய் திறக்காமல் எழுதிக் கொடுத்த மாத்திரை பல வீடுகளில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நரம்பியலில் பேச்சு பாதிச் சோதனை. மீதி, மருந்தின் பாதி. தென்னாட்டில் இந்தத் துறை பிறந்து வளர்ந்த எழுபத்தைந்து ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்.

துறை பிறப்பதற்கு முன்பும் இந்த வட்டாரத்தில் நரம்பு நோய்க்கு வைத்தியம் உண்டு. வத்திராயிருப்புக்கு மேற்கே நிற்கும் சதுரகிரி, சித்தர்கள் வாழ்ந்த மூலிகை மலை என்று பெயர்பெற்றது. வாத நோய்களை எண்பதாக வகுத்து வைத்தது சித்த மருத்துவம். அதன் பக்கத்திலேயே ஊர் வழக்கங்கள் இருந்தன: வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, மந்திரித்துத் தாயத்துக் கட்டுவது, பக்கவாதத்தில் விழுந்த கைகாலில் புறா ரத்தம் தேய்ப்பது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்கிய புகழ் சாவிக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கவாதத்தில் விழுந்தவர்களில் பலருக்கு வாரங்கள் போகப்போக ஓரளவு அசைவு திரும்பும். அந்தப் பெயரைப் புறா தட்டிக்கொண்டது. உள்ளூர் வைத்தியருக்கு ஒரு பலம் இருந்தது. குடும்பத்தை அவருக்குத் தெரியும், நோயாளியின் பாஷையில் பேசினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். பேச்சு இருந்தது, வலிப்பை நிறுத்தும் மருந்து இல்லை. பழைய காலத்தைப் பொற்காலமாக்குகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். மேல்நாடுகளில் 1857இல் புரோமைடும், 1912இல் பினோபார்பிட்டோனும், 1938இல் பினிட்டாயினும் வலிப்புக்கு மருந்தாயின. அவை இந்த ஊர்களுக்கு வந்துசேர்ந்தபோது, கூடவே வர வேண்டிய விளக்கம் வரவில்லை.

அதற்கு முதல் காரணம் தூரம். 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதில் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீசே நெடுங்காலம் மதுரையில்தான் நடந்தது; மனு கொடுக்கவும் மதுரை, வைத்தியத்துக்கும் மதுரை. 1927இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை திறந்து, இரண்டு ஊர்களும் ஸ்டேஷன் பெற்றன. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். ஊர் நூற்பாலை ஊராயிற்று. பக்கத்துச் சத்திரப்பட்டியின் தறிகள், ஆஸ்பத்திரிகளுக்குக் காயக்கட்டுத் துணி நெய்து பேர் வாங்கின. இங்கிருந்து பேண்டேஜ் துணி வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. இங்கிருந்த நரம்பு நோயாளியும் வெளியூருக்கே போக வேண்டியிருந்தது. 1954இல் மதுரையிலும் 1965இல் திருநெல்வேலியிலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் தொடங்கிய பிறகு, செங்கோட்டை தாண்டி மலையேறிப் போகவும் ஒரு வழி கிடைத்தது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். அதற்கென்று அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதுவரை பெரிய ஆஸ்பத்திரி என்றால் ராஜபாளையத்துக்காரருக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும், பஸ் செலவு வேறு. இப்படி வருகிறவரிடம் சொல்ல வேண்டியதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அடுத்த முறை அவர் வராமலே போகலாம்.

துறை பிறந்த காலத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1949இல் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த நேரத்தில், 1950இல், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி அதே பணியைத் தொடங்கினார். இவர்கள் இருவரும் பல்தேவ் சிங்கும் எஸ்.டி. நரசிம்மனும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தவை ஒரு சிறு சுத்தியல், ஒரு குண்டூசி, பஞ்சு, இசைக்கவை. மூளையைப் படம்பிடிக்க வேண்டுமானால் முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்ற வேண்டும், அல்லது கழுத்து ரத்தக்குழாயில் சாயத்தைச் செலுத்த வேண்டும். இரண்டுமே வேதனை, இரண்டிலும் ஆபத்து. ஆகவே கேள்விதான் முதல் கருவி. எப்போது ஆரம்பித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, யார் பார்த்தார்கள், நாக்கைக் கடித்தாரா, விழித்தபின் பேச்சு வந்ததா? 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இளவயதில் வரும் ஒரு தசைநலிவு நோயை விவரித்தார்கள். கைகால் மெலிவதோடு காதும் மந்தமாகும் அந்த நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் இன்றும் சென்னையின் பெயர்தான். கேட்டும் தொட்டும் பார்த்தும் கண்டடைந்த நோய் அது. 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது: புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி சொன்ன கதையையும் வைத்தே சரியான நோயைக் கணித்துவிட முடிந்திருந்தது. ஆனால் அந்தக் காலத்திலும் பேச்சு ஒரே திசையில்தான் ஓடியது. நோயாளி சொன்னது ஆங்கிலமாகிக் கேஸ் ஷீட்டில் ஏறி ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் கையில் ஒரு சீட்டு மட்டும் மிஞ்சியது.

அந்தச் சீட்டைச் சற்று உற்றுப் பார்க்கலாம். அதில் நோயின் பெயர் ஜி.டி.சி.எஸ். என்று நாலெழுத்தில் இருக்கும். கீழே எப்டாயின் 100 மி.கி., 1-0-2, 30 நாள். அவ்வளவுதான். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு இரண்டு என்பதை மருந்துக்கடைக்காரர் சொல்லிவிடுவார். வலிப்பு நின்ற பிறகும் இரண்டு மூன்று வருஷமாவது தொடர வேண்டும் என்பது சீட்டில் இல்லை. திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிடக் கடுமையாக, விடாமல் தொடரும் வலிப்பாகத் திரும்பி உயிருக்கே உலை வைக்கலாம் என்பது இல்லை. ஈறு வீங்கினால் பயந்து விட்டுவிடாமல் வந்து சொல்ல வேண்டும் என்பது இல்லை. பிள்ளை உண்டாகும் வயதுப் பெண்ணானால் சில வலிப்பு மாத்திரைகள் கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்பதும் இல்லை. ராஜபாளையத்துக்கென்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த ஷிப்ட்? தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறி நூல் மில்லில் ராத்திரி நிற்கிறவருக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, பகல் ஷிப்ட் கேட்டு மில்லுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது பலனளிக்கலாம். கேட்காத டாக்டருக்கு இது தோன்ற வழியே இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, காலம் மாறிவிட்டது என்பது. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் படமெடுத்துவிட்டது, கேள்வி கேட்டு ஊகிக்க வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது என்பார்கள். தமிழ்நாட்டில் 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலை ஒழுங்குபடுத்தி, அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மையங்களையும் நடத்தத் தொடங்கியது. இன்று ஏழைக்கும் ஸ்கேன் எட்டாக்கனி இல்லை. ஆனால் படம் தானாகப் பேசாது என்பதற்கு வேலூரே சாட்சி. எண்பதுகளில் வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரின் ஸ்கேனில் மூளையில் ஒரே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழுப் பை என்று 1989 முதல் எழுதிக் காட்டினார்கள். அவற்றில் பலவும் தாமே கரைந்து மறைபவை. எது காசநோய், எது புழு என்று பிரிக்க அவர்கள் வகுத்த அளவுகோலில் படத்தின் பங்கு பாதிதான். மீதி நோயாளியின் கதையும் பரிசோதனையும்: கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறதா, தலைக்குள் அழுத்தம் ஏறியதற்கான அடையாளம் உண்டா, உடம்பில் வேறெங்காவது காசநோய் இருக்கிறதா? ஸ்கேன் வந்தபின் கேள்வியின் வேலை குறையவில்லை. கூடவே பதில் சொல்லும் வேலையும் சேர்ந்துகொண்டது. மூளையில் புள்ளி என்று கேட்டுக் கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு, இது தானே கரையக்கூடியது, புற்றுநோய் இல்லை என்ற ஒரு வாக்கியம் ஒரு வருஷத் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

பேச்சே மருந்தின் பாதி என்பதற்கு நேரடிச் சான்று கர்நாடகத்தின் எளந்தூர். அங்கே கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் கிராமம் கிராமமாக வீடு வீடாகச் சென்று வலிப்பு நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள். பினோபார்பிட்டோன், பினிட்டாயின் என்ற விலை மலிந்த இரண்டே மாத்திரைகளை வைத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2001இல் லான்செட் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, நீண்டகாலம் வைத்தியமே பார்க்காதவர்களிலும் நல்ல பங்கினருக்கு வலிப்பு நின்றதைக் காட்டியது. புது மருந்தோ புது இயந்திரமோ அங்கே எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னார்கள், திரும்ப வந்து விசாரித்தார்கள். இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வலிப்பு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் மருந்து எடுக்காதவர் மிக அதிகம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் தமிழ்நாட்டில் விலையை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது. ஒரு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறவர் அறியாமையால் நிறுத்துகிறார் என்பது உண்மை. அந்த அறியாமை நீங்க வேண்டிய இடம் டாக்டரின் மேசைதான்.

இரண்டாவது மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: எல்லாவற்றையும் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், முக்கியமாகப் பெண்ணுக்கு வலிப்பு என்று வெளியே தெரிய வேண்டாம். இந்த அச்சத்துக்குச் சட்டமே ஒருகாலத்தில் துணை நின்றது. 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் வைத்து, திருமணத்துக்குத் தடையாக்கியது. 1999இல்தான் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கியது. சட்டம் மாறினாலும் வரன் பார்க்கும் வீடுகள் உடனே மாறவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிலையத்தின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை மறைத்தே மணம் முடித்திருந்தார்கள். மறைத்தவர்களுக்குப் புகுந்த வீட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதே கஷ்டமாயிற்று. மாத்திரை தவறினால் வலிப்பு வரும். மறைத்தது அந்த வலிப்பாலேயே வெளிப்படும். ஆக, சொல்லாமல் விடுவது அவளைக் காப்பதில்லை. அவளுடைய மருந்தைத்தான் பறிக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தன் நோயின் பெயரும், தன் மாத்திரையின் பெயரும், பிள்ளைப்பேற்றுக்கு அது பெரும்பாலும் தடையில்லை என்பதும் தெரிந்திருந்தால் அவளே பேசத் தைரியம் வரும். ஆனால் பல கிளினிக்குகளில் கேள்வி கூட வந்தவரிடம் போகிறது. வலிப்பை நேரில் பார்த்த சாட்சி அவர் என்பதால் அது நியாயமே. பதிலையும் அவரிடமே சொல்லி அனுப்புவதில் நியாயம் இல்லை.

பக்கவாதத்தில் பேச்சுக்குக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி, மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த அவகாசத்தை நாலரை மணி நேரமாக்கியது. அதே 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குச் சாலை வழியே இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வாய் கோணியதைப் பார்த்ததும் எண்ணெய் தேய்த்து விடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கொஞ்சமும் போகும். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பது. இதற்கு ஸ்கேன் மட்டும் பதில் சொல்லிவிடாது. சாப்பாடு போட்டவரோ பக்கத்தில் படுத்தவரோதான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியின் அருமை, முன்பே ஒருவர் சொல்லி வைத்த வீட்டுக்குத்தான் தெரியும். ரத்தக்கொதிப்புக்கு மாதா மாதம் மாத்திரை வாங்க வருகிறவரிடம், வாய் கோணினாலோ கை துவண்டாலோ பேச்சுக் குழறினாலோ மணியைப் பார்த்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் பலமானது இதுதான். 2017இல் பல நாடுகளின் மருத்துவ ஆலோசனை நேரத்தை ஒப்பிட்ட ஆய்வில் ஸ்வீடன் 22 நிமிடத்தைத் தாண்டியது; இந்தியா இரண்டு நிமிட அளவில் நின்றது. சென்னை நரம்பு அறுவை மருத்துவர் கே. கணபதி 2015இல் கணக்கெடுத்தபோது, ஒரு நரம்பியல் நிபுணரும் இல்லாத பகுதிகளில் 90 கோடிக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்வது தெரிந்தது. வாசலில் நூறு பேர் நிற்கும்போது உட்கார வைத்துப் பேசு என்று டாக்டருக்கு உபதேசிப்பது அநியாயம். ஆனால் பேசும் வேலையை டாக்டர் ஒருவரே செய்ய வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. எளந்தூரில் கதவைத் தட்டியவர்கள் எல்லாரும் நிபுணர்கள் இல்லை. தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது: எச்.ஐ.வி.க்கு என்று அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் வைத்து, பேசுவதையே வேலையாகக் கொண்ட ஆலோசகர்களை நியமித்தார்கள். நோயைவிட நோயின் பெயருக்கு அஞ்சிய காலத்தில், தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவதும் வைத்தியம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது. வலிப்புக்கும் அதே களங்கம், அதே நீண்டகால மாத்திரை, அதே மறைப்பு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே கைகளில் வலிப்பு மாத்திரையையும் அதைப் பற்றிய நாலு வார்த்தையையும் கொடுத்தனுப்ப முடியாதா?

படிக்காத ஜனத்துக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்லை என்ற பேச்சும் காதில் விழுகிறது. தறியில் ஆயிரம் இழையில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கிறவருக்கு மாத்திரைக் கணக்குப் புரியாது என்பது சோம்பேறித்தனமான வாதம். புரியும் பாஷையில் சொல்லிப் பார்த்த இடங்களில் புரிந்திருக்கிறது. இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களில் போலிகளும் உண்டே என்பார்கள். உண்டு. சாவிக்கொத்தும் புறாவும் நம்பும்படியான பேச்சோடுதான் வந்தன. சரியான மருந்து தெரிந்தவர் பேசாமல் விட்ட வெற்றிடத்தில்தான் தெரியாதவரின் பேச்சு எடுபடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டமும் இன்று நோயாளி பக்கம் நிற்கிறது. 2002இன் மருத்துவ ஒழுக்க விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்கச் சொல்கின்றன. 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், போதிய விவரம் சொல்லிப் பெறாத சம்மதம் சம்மதமே ஆகாது என்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாள்பட்ட நரம்பு நோய்களையும் நடுக்குவாதத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த உரிமை தமக்கு உண்டு என்பதையும் நோயாளிக்கு ஒருவர் சொல்லியாக வேண்டும்.

மருந்து, படம், சட்டம் மூன்றும் வந்துவிட்ட பிறகு மிச்சமிருப்பது செலவு குறைந்த வேலைதான். நரம்பு நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளைச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கட்டும்: நோயின் பெயர், எத்தனை வருஷம் மாத்திரை, விட்டுப்போனால் என்ன செய்வது, எப்போது உடனே வர வேண்டும். அதை வாசித்துக் காட்ட ஒரு நர்ஸ் அல்லது ஆலோசகர் இருக்கட்டும். நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. வலிப்பு வரும்போது ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, ஒருவர் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய சீட்டு ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட வாய் திறந்தாலும், கேட்க வந்ததைக் கேட்டு முடித்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.